இருபத்தாறு கிலோ நானூறு

சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்த கிளாடிஸின் பழைய பேப்பர் குடோனுக்கு ஷரஃபுதீன் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றுதான். மழை கட்டியிருந்ததால் உள்ளே அந்தி போல இருண்டு கிடந்தது. நனைந்த அட்டைப்பெட்டிகளின் புளித்த வாடை. தகரக் கூரையில் எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

எடை மெஷின்களைப் பொருத்திச் சரிபார்த்துக் கொடுப்பது அவன் தொழில். தரையோடு பதித்த இரும்புத் தட்டு நன்றாகத்தான் இருந்தது. போன மழையில், எண் காட்டும் டெர்மினலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். காலித் தட்டுக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும். முதல் வேலை அதுதான்.

திரையில் 8.2 என்று வந்தது. பிறகு 17. பிறகு 26.4.

யாரோ ஒரு கால் வைத்து, மறு கால் வைத்து ஏறியது போல.

தட்டின் மேல் ஒன்றுமில்லை. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். கல் எதுவும் சிக்கியிருக்கவில்லை. வயரை மாற்றினான். அப்போதும் 26.4. கடைசி இலக்கம் மட்டும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே துடித்தது. இரும்போ மூட்டையோ வைத்தால் எண் அசையாமல் நிற்கும். மூச்சு விடுகிற ஒன்று நின்றால்தான் இப்படித் துடிக்கும். பதினெட்டு வருஷ அனுபவத்தில் அவனுக்கு அது தெரியும்.

தட்டை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

“மிஷின்ல கோளாறு இல்ல பாய்,” கிளாடிஸ் வாசலிலிருந்து மெல்லச் சொன்னாள். “எம் பொண்ணு. லிண்டா.”

ஏழு வயதில் டெங்குவுக்குப் பறிகொடுத்த மகள். பள்ளிக்கூடம் விட்டதும், அம்மா குடோனைப் பூட்டும்வரை அந்தத் தட்டின் மேல்தான் விளையாடுவாளாம்.

“போறப்போ பத்தொம்போது கிலோ. மூணு வருசமாச்சு. இப்ப பாரு, வளந்துக்கினே கீறா.”

ஷரஃபுதீன் மறுபடி திரையைப் பார்த்தான். லிண்டா தட்டில் நிற்கும்போதே பூஜ்யத்தைப் பதித்தால் அந்த இருபத்தாறு கிலோவும் இல்லாததாகிவிடும். பதிக்காமல் விட்டால் அரசாங்க முத்திரை கிடைக்காது. குடோனை மூட வேண்டியதுதான்.

“அக்கா... அவளைக் கொஞ்சம் எறங்கச் சொல்றீங்களா?” என்று கேட்டவன், தன் குரலுக்குத் தானே திடுக்கிட்டான்.

கிளாடிஸ் தட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “கண்ணு, எறங்கு. மாமா வேலை செய்யணுமாம். அப்பால ஏறிக்கோ.”

17. 8.2. 0.0.

பூஜ்யத்தைப் பதித்தான். இருபது கிலோ படிக்கற்களை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். எல்லாம் துல்லியம். கற்களை இறக்கினான்.

“முடிஞ்சுது அக்கா.”

“ஏறு கண்ணு.”

0.0.

“லிண்டா... அம்மா கூப்புடுறேன்ல?”

பூஜ்யம் அசையவில்லை.

கால் மணி நேரம் இருவரும் அதையே பார்த்து நின்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிளாடிஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அப்போ காய்ச்சல் கொண்டுபோச்சு பாய். இப்ப நானே தொரத்திட்டேன்.”

சரியாக வேலை செய்யும் ஒரு மெஷினை உடைத்துப்போட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்குத் தோன்றியது.

கிறீச்.

நாற்காலியின் முன்கால்கள் மெல்ல அகன்றன. அவள் மடியில் புடவை வட்டமாக அழுந்தியது, அழுந்தியபடியே நின்றது. குலுங்கிக் குலுங்கி அழுதவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா,” என்றான் ஷரஃபுதீன், மூச்சுக்காற்றாய். “அசையாதீங்க.”