தானே ஊரும் குழாய்

மினேகிஷியின் வாய்க்குள் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய டாக்டர் உசாமியோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜப்பானின் ஹமமாத்சுவில் போல்ட் செய்யும் கம்பெனியில் மினேகிஷி பிரிவுத் தலைவர். நாற்பது தாண்டியவர்களை வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியே பஸ்ஸில் ஏற்றி, வயிற்றைச் சோதித்துவர ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பதினொரு மணிக்குக் கூட்டம் இருந்ததால் மயக்க ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்பதற்கான கூட்டம்.

"மனுஷன் கை நடுங்கும், இது நடுங்காது," என்றார் உசாமி, வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த நான்கு டாக்டர்களிடம். "சந்தேகமா எது தெரிஞ்சாலும் பச்சைக் கட்டம் போடும். இடுக்கியை நீட்டித் துளி சதை எடுத்துக்கும். நாம டீ குடிக்கப் போகலாம்."

நால்வரும் மரியாதைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சிரித்தார்கள்.

நர்ஸ் ஹதனோ மினேகிஷியின் முதுகைத் தடவினாள். "தோளைத் தளர்த்துங்க மினேகிஷி-சான். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்."

தொண்டையை மரத்துப்போகவைத்த மருந்தின் கசப்பும், கன்னத்தடியில் விரித்த துண்டில் ஊறும் எச்சிலின் வெதுவெதுப்பும், பல்லிடுக்கில் கவ்விய பிளாஸ்டிக் வளையத்தை உரசியபடி குழாய் போகும் சரசரப்பும் ஒன்றாகக் கலந்து காதுக்குள் நிறைய, அவர் குழாய் முனையின் கேமரா காட்டும் திரையையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் படுத்திருந்தார். இளஞ்சிவப்பாக, பளபளவென்று, மாசு மருவில்லாத வயிறு. அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் விழுந்தது.

டிக்.

இன்னொரு கட்டம். டிக். அங்கே எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. இடுக்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகக் கடித்தது. திரையில் ரத்தம் புகைபோல் பரவியது.

கையைத் தூக்கலாம். ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் பிரிவு ஆட்கள் மூவர், முறைக்காகக் காத்திருந்தார்கள். பதினோராவது கடி வரை பொறுத்தார். பிறகு தூக்கினார்.

"பாருங்க, கை தூக்கற அளவுக்குத் தெம்பா இருக்கார்!" என்றார் உசாமி. விருந்தாளி டாக்டர்கள் குறித்துக்கொண்டார்கள்.

"பிரமாதமா பொறுத்துக்கறீங்க. இன்னும் கொஞ்சம்தான்." ஹதனோ அந்தக் கையை மெல்ல இறக்கிவைத்தாள்.

"டாக்டர், ரத்தம் கொஞ்சம்..." விருந்தாளி ஒருவர் தயங்கினார். "நிறுத்தற பொத்தான் எது?"

"போன மாசம் எடுத்துட்டோம். பயந்தவங்க எல்லாம் அமுக்கிடறாங்க."

மினேகிஷி குழாயை வலது கையால் பற்றினார். விலாங்கு மீன் பிடித்துப் பழகிய ஊர்க்காரர்தான். இது விலாங்கைவிட வலுவாக நழுவி உள்ளே போனது. ஹதனோ அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "தொடக் கூடாது, கிருமி ஒட்டும்."

டிக். டிக். டிக்.

ஒரு கட்டம் திரை முழுவதையும் அடைத்தது. ஏதோ துணி கிழியும் சத்தம். அறையிலிருந்து அல்ல. அவருக்குள்ளிருந்து.

திரையில் இருட்டு. பிறகு வெளிச்சம். இளஞ்சிவப்பு இல்லை. வரிசையாக, வெள்ளையாக, விலா எலும்புகளின் உட்பக்கம்.

உசாமியின் கைகள் முதுகைவிட்டு முன்னால் வந்தன. குழாயைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். அது பதிலுக்கு இழுத்தது. அவருடைய இரண்டு விரல்கள் மினேகிஷியின் வாய் வளையத்துக்குள் போயின. முறிந்தன. அவ்வளவு நேரம் சொற்பொழிவாற்றிய வாயிலிருந்து பன்றிக்குட்டியின் கீச்சொலி வந்தது. விருந்தாளிகளும் ஹதனோவும் கதவுக்கு ஓடினார்கள். ஒருவர் வழுக்கி விழுந்தார். யாரும் தூக்கவில்லை.

மினேகிஷி இரண்டு கைகளையும் தூக்கினார்.

இறக்கிவைக்க ஆளில்லை.

மேலங்கி விலகிய மார்புக்குள் குழாய் முனையின் வெளிச்சம் ஊர்ந்தது. உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. ஒரு விலா. அடுத்த விலா. இடது பக்கமாக.

நின்றது.

தோலுக்கடியில், துடிக்கும் ஒன்றின் நிழல். அதன் இருபுறமும், மெல்ல விரியும் இடுக்கியின் இரண்டு தாடைகள்.