தொண்ணூறைத் தாண்டிய நிலம்

பற்றுமானியின் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு, சென்னியப்பன் தன் மூன்று ஏக்கரின் நடுவில் போய் நின்றார். இந்த நிமிடத்துக்காக நூறு நாள் பாடுபட்டிருக்கிறார் மனிதர்.

நிலத்தை எடுத்துக்கொண்டு சந்தை விலையைக் கொடுத்துவிட்டு அரசு கைகழுவிய காலம் மலையேறிவிட்டது. இப்போது இழக்கிறவருக்கு எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு ஈடு. நிலத்தில் நிற்பவரிடம் "இது இனி உங்களுடையதில்லை" என்று சொல்வார்கள். அப்போது நரம்புகள் துடிக்கிற துடிப்பைப் பற்றுமானி நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். ஈட்டுத்தொகையும் அதற்கேற்ப ஏறும்.

சென்னியப்பனுக்கு அந்த நிலத்தின் மேல் வலியாவது ஒன்றாவது. அவர் திருப்பூரில் வாடகைக் கடையில் பேட்டரி விற்கிறவர். அப்பா விட்டுப்போன பூமியில் பதினைந்து வருடமாக வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. வட்டச்சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள் என்றதும் சொந்தக் கடை கண்முன் வந்து நின்றது. ஆனால் அறிவிப்பு வந்த அன்று வெள்ளோட்டமாக அளந்தபோது மானி காட்டியது வெறும் நாலு.

தரகர் மாகாளிதான் வழி சொன்னார். அழுது நடித்தால் மானி ஏமாறாதாம், உடம்பைப் பழக்க வேண்டுமாம். தினமும் அவரவர் காட்டு நிலத்துக்குப் போய்க் கையால் வேலை செய்து, மத்தியானச் சோற்றை அங்கேயே சாப்பிட்டால் எண்பதைத் தொட்டுவிடலாம் என்றார். ஊரே கிளம்பியது. சென்னியப்பனும் முள்ளை வெட்டினார், கிணற்றைத் தூர்வாரினார், சும்மா நிற்பானேன் என்று நிலக்கடலை விதைத்தார். எட்டு வருடமாகப் பேசாத பக்கத்துக் காட்டுக்காரரிடம் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

இப்போது எதிரே நின்ற நிலமெடுப்பு அதிகாரி யாழினி அந்த வாக்கியத்தைச் சொன்னார். அழுவதற்கு வாயைக் கோணினார் சென்னியப்பன். அதற்குள் அழுகை தானாகவே வந்துவிட்டது. மானி தொண்ணூற்றாறு காட்டியது.

யாழினியின் முகம் தொங்கிப்போயிற்று. தொண்ணூறைத் தாண்டினால் அது ஈடு செய்ய முடியாத இழப்பு. ஈடு செய்ய முடியாததை எடுக்கவும் கூடாது என்பது சட்டம். யாரும் தாண்டப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதிய விதி. காலையிலிருந்து அளந்த பதினோரு பேரும் தாண்டியிருந்தார்கள்.

"ஒரு வழி இருக்குங்க," என்றார் யாழினி. "நடிச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க மேல நடவடிக்கை வராது. எண்பதுக்கே ஈடு போட்டுத் தரேன், எங்களுக்குச் சாலை வந்தாப் போதும்."

எண்பது என்றால் சொந்தக் கடை, மேலே ஒரு மாடியும் கட்டலாம். சென்னியப்பன் பேனாவை ஆசையாகத்தான் வாங்கினார். ஆனால் கை ஓடவில்லை. கடலைக்கு இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"நடிச்சது நெசந்தானுங்க மேடம்," என்றார் கடைசியில். "ஆனா இப்ப அப்படி எழுதுனா, அது பொய்யாப் போயிருமுங்க."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கடை போனதில் வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தது.

யாழினி வரைபடத்தில் சாலையைப் பக்கத்து ஊர்ப் பக்கம் வளைத்தார். அங்கேயும் எல்லாம் தரிசுதான். அறிவிப்பு ஒட்டிய அன்று சாயங்காலமே அந்த ஊர்க் கடையில் மண்வெட்டி தீர்ந்துபோயிற்று.