ஒரு டம்ளர் டிகிரி!

காலை ஆறு பத்து.

செல்போன் அலறியது!

ஜமுனாமரத்தூர் போலீஸ் குடியிருப்பில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் தேவயானி எரிச்சலோடு திரையைப் பார்த்தாள். தெரியாத நம்பர். பத்து நாளாக இதே நேரத்துக்கு இப்படித்தான் வருகிறது. செவன் ஸ்கைஸ் ஆன்லைன் யுனிவர்சிட்டியின் அட்மிஷன் பெண். 'ஆறே மாசத்துல குற்றவியல் எம்.ஏ. மேடம்! வீட்ல இருந்தே!' பிரமோஷனுக்கு உதவுமே என்ற சபலத்தில் தேவயானி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பித் தொலைத்திருந்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி!

"இன்னாம்மா, பொழுது விடிஞ்சா போதுமா உனுக்கு?"

"மேடம்... பாடி!"

"இன்னாது?"

"பாடி மேடம்! எங்க காலேஜ் கிரவுண்டுல! கோச் எல்வின்... வாயெல்லாம் நுரை! நான் பிரின்ஸ்பால் தேவராஜ் பேசறேன்!"

தேவயானி தன் வாயிலிருந்த நுரையை அவசரமாகத் துப்பினாள்.

*

ஜவ்வாது மலைமேல் சமதரை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்த ஒரே துண்டில்தான் அந்தத் தனியார் கல்லூரி மைதானம் போட்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை.

ஓடுபாதையின் நடுவில் எல்வின் மல்லாந்து கிடந்தான். இருபத்தேழு வயது. புத்தம் புது டிராக் சூட். கழுத்தில் விசில். பக்கத்தில் கவிழ்ந்த எவர்சில்வர் டம்ளர்.

ஏட்டு சிங்காரம் குனிந்து மூக்கருகே விரல் வைத்தார். இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே தொப்பை வைத்தவர்.

"மேடம்! உசுரு கீது!"

"அப்புறம் ஏன் பாடின்னாரு?"

"அசையலையே மேடம்..." என்று தேவராஜ் கையைப் பிசைந்தார். "அதான் பாடின்னு..."

பத்தே நிமிடத்தில் நூற்றியெட்டு வந்து எல்வினை அள்ளிக்கொண்டு போனது. அவன் செல்போன் மட்டும் புல்லில் கிடந்தது. சிங்காரம் அதை எடுத்துக் கவரில் போட்டார்.

"சொல்லுங்க சார். யார் மேலயாவது சந்தேகம் கீதா?"

தேவராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சந்தேகமே இல்ல மேடம். பாஞ்சாலி!"

"யாரு அது?"

"ஒன்பது வருஷமா இங்க டெம்பரரி கோச். பொண்ணுங்களுக்கு ஓட்டப் பயிற்சி குடுக்குறவங்க. மூணு தடவை மாவட்டக் கப்பு வாங்கிக் குடுத்துருக்காங்க. ஆனா டிகிரி இல்ல. கோச்சுன்னா இனிமே மாஸ்டர்ஸ் இருக்கணும்னு ரூல் போட்டுட்டோம். எல்வின் ஆன்லைன்ல முடிக்கப் போறாரு. அதுவும் தகுதிதான்னு எங்க தாளாளர் சொல்றாரு. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டி. எல்வினுக்கு ஆர்டர். பாஞ்சாலிக்கு..."

"சீட்டு கிழிஞ்சிரும்."

"ஆமா மேடம். அதுமட்டும் இல்ல. எல்வின் சுருண்டு விழுந்தப்ப நான் என் குவார்ட்டர்ஸ் பால்கனியில நின்னேன். பாஞ்சாலி ஓடி வந்தாங்க. ஆளைத் தூக்கல. கத்தல. பொண்ணுங்களுக்கு வச்சிருந்த கஞ்சிப் பானையைத் தூக்கி வேலியோரமா கொட்டிட்டு, அதைக் கழுவுனாங்க மேடம்! கழுவுனாங்க!"

தடயத்தைக் கழுவியவள்!

தேவயானிக்குள் மணி அடித்தது. போன் மீண்டும் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"விஷம் மாதிரிதான் இருக்கு மேடம். என்ன விஷம்னு பிடிபடல. பூச்சி மருந்து வாசனை இல்ல. எதுன்னு தெரிஞ்சா நல்லது... சீக்கிரம்!"

*

பாஞ்சாலி விளையாட்டுச் சாமான் அறையில் ஹர்டில்ஸ் கட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொடும் வயது. வெறுங்கால். ஓடியே இறுகிய உடம்பு.

"கஞ்சியக் கொட்டுனது நீதானாம்மா?"

"ஆமாங்க மேடம்."

"பானையக் கழுவுனது?"

"நான்தாங்க."

"இன்னா கலந்த அதுல?"

"நான் கலக்கலீங்க. கஞ்சி காய்ச்சுனதே அவருதான்."

"அப்ப ஏம்மா கொட்டுன?"

பாஞ்சாலி கட்டையை விட்டு எழுந்தாள்.

"சொன்னா நம்ப மாட்டீங்க மேடம். இந்தக் காலேஜுல நான் எதைச் சொன்னாலும் சர்டிஃபிகேட் கேப்பாங்க."

சிங்காரம் விலங்கை வெளியே எடுத்தார்... 

"அக்காவ வுடுங்க!"

வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். நதியா. ஐயாயிரம் மீட்டர் ஓடுபவள்.

"சாரு காய்ச்சுனதுமே குடிச்சிட்டாரு. நாங்க பதினாலு பேரு டம்ளரோட லைன்ல நின்னோம் மேடம். அக்காதான் ஓடியாந்து தட்டி வுட்டாங்க. என் டம்ளரு வாய்கிட்ட வந்துருச்சு! ஒருத்தரும் நக்கிக்கூடப் பாக்கக் கூடாதுன்னுதான் பானையக் கழுவுனாங்க!"

தேவயானி வெளியே வந்தாள். வேலியோரம் நடந்தாள். தேவராஜின் மூன்று கோழிகள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. மேய்ந்துகொண்டிருந்தன என்றா சொன்னேன்? தப்பு! ஒன்று மல்லாந்து கிடந்தது. இன்னொன்று வேலிக்கம்பத்தின் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது. மூன்றாவது நேராக நடந்து வந்து தேவயானியின் பூட்ஸில் முட்டி உட்கார்ந்துவிட்டது.

"ஐயோ, என் கோழி!" என்று பிரின்ஸ்பால் அலறினார். கோச்சுக்குக்கூட அவ்வளவு அலறவில்லை.

சிங்காரம் மண்டியிட்டார். சிந்திய கஞ்சியை விரலால் தொட்டு நசுக்கினார். மோந்தார். அவர் முகம் மாறியது.

"மேடம்... இது விஷம் இல்ல. வரகு!"

"வரகா? நல்ல சாப்பாடுதானே அது?"

"பழைய வரகுன்னா நல்ல சாப்பாடு. இது மழையில நனைஞ்ச புது வரகு. அறுக்குற நேரத்துல மழை புடிச்சா பூஞ்சை ஏறிக்கும். தின்னா தலை சுத்தும், நடுங்கும், ஆளை அடிச்சிப் போட்ரும். எங்க ஊருல நனைஞ்ச வரகை யாரும் அடுப்புல ஏத்த மாட்டாங்க. மலைக்கு வெளிய இருந்து வர்றவங்கதான் 'ஃப்ரெஷ்ஷு'ன்னு வாங்கிட்டுப் போவாங்க!"

தேவயானி உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப பிழைச்சுப்பார் மேடம்."

திரும்பினாள். பாஞ்சாலி பின்னால் நின்றிருந்தாள்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க. நேத்தே சொன்னேங்க."

"சாட்சி?"

பாஞ்சாலி தயங்கினாள். பிறகு இடுப்பிலிருந்து பழைய போனை எடுத்து நீட்டினாள்.

"இதக் காட்டுனா அவரு மானம் போயிரும் மேடம். சாவக் கெடக்குறவரைப் போய்க் காட்டிக் குடுக்கணுமான்னுதான் பேசாம இருந்தேன். அதான் பொழைச்சுப்பாருன்னு சொல்லிட்டாங்களே... கேளுங்க."

குரல் பதிவுகள். ஒன்றல்ல, இரண்டல்ல... ஆறு மாதத்துப் பதிவுகள்!

எல்வினின் குரல் குழைந்தது. "அக்கா, நெடுந்தூரம் ஓடறவங்களுக்கு முதல் மாசம் எப்டிப் பயிற்சி குடுக்கணும்? மெதுவா சொல்லுங்கக்கா, டைப் பண்ணிக்கிறேன்."

பாஞ்சாலியின் குரல். "ஏத்தத்துல ஓட வுடணும் சார். எறக்கத்துல நடக்க வுடணும். எறக்கத்துல ஓடுனா முட்டி போயிரும்."

அடுத்த பதிவு. "அக்கா, தொடை சதை புடிச்சிக்கிச்சுன்னா?" அடுத்தது. "அக்கா, போட்டிக்கு மொத நாளு?" கேட்கக் கேட்க தேவயானிக்குக் கோபம் தலைக்கேறியது.

"எத்தினி பேப்பர்மா அந்த டிகிரிக்கு?"

"பன்னெண்டுங்க. பதினோன்னு நான் சொல்லச் சொல்ல அவரு அடிச்சது. படிக்கிற புள்ள கேக்குதேன்னு சொன்னேன். என் வேலைக்குத்தான் படிக்கிறாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. நிறுத்திட்டேன்."

"பன்னெண்டாவது பேப்பர்?"

"விளையாட்டு ஊட்டச்சத்து. அதை மட்டும் அவரே எழுதுனாரு. அதுல எழுதுன கஞ்சிதான் மேடம் இது."

கடைசிப் பதிவு, நேற்று சாயங்காலம். பாஞ்சாலி பதறிக்கொண்டிருந்தாள். "சார், அது நனைஞ்ச வரகு சார். கோழிக்குக்கூடப் போட மாட்டோம். புள்ளைங்களுக்குக் குடுத்துராதீங்க!"

எல்வினின் பதிலில் அக்காவைக் காணோம். "பாஞ்சாலி! நான் இதுலதான் மாஸ்டர்ஸ் பண்றேன். உன்கிட்ட இன்னா சர்டிஃபிகேட் கீது?"

சிங்காரம் விலங்கைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்தார்.

*

சரியாகப் பதினோரு மணி. கமிட்டி அறை.

நடு நாற்காலியில் தாளாளர். எதிரே பித்தளைப் பெயர்ப்பலகை: டாக்டர் பஞ்சாட்சரம். 'டாக்டர்' மட்டும் தனியாக மின்னியது.

"ஆன்லைன் டிகிரியும் டிகிரிதான்!" என்று மேசையைத் தட்டினார். "காலம் மாறிப்போச்சு. எல்வின் குணமானதும் ஆர்டர் குடுத்துருவோம்."

தேவயானி பாஞ்சாலியின் போனை மேசைமேல் வைத்து அழுத்தினாள்.

பத்து நிமிடம் பதிவுகள் ஓடின.

"ச்சே, அயோக்கியன்!" பஞ்சாட்சரம் கொதித்தார். "தேவராஜ், எழுதுங்க! எல்வின் படிக்கிற அந்த செவன் ஸ்கைஸ் டிகிரி இந்தக் கல்லூரியில செல்லாது!"

தேவராஜ் எழுதவில்லை. எழுந்து போய் அவர் காதருகே குனிந்தார். ரகசியம்தான் சொன்னார்... ஆனால் மாணவர்களைத் திட்டியே பழகிய தொண்டை அது!

"சார்... உங்க டாக்டர் பட்டமும் அவங்க குடுத்ததுதான்."

பஞ்சாட்சரத்தின் கை தானாகப் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டது.

பட்டம் செல்லும் என்றால், பதினாலு பெண்களைச் சாய்க்க இருந்தவன் கோச். செல்லாது என்றால், பலகையில் ஒரு வார்த்தை காலி. மனிதர் வியர்த்தார். மலைக்குளிரில் வியர்ப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்!

"சார், டிகிரி பேச்சே எதுக்கு?" தேவயானி டீயை எடுத்துக்கொண்டாள். "ஒன்பது வருஷ அனுபவமே தகுதின்னு ஒரு வரி எழுதுங்க. பாஞ்சாலி பேரப் போடுங்க. அடுத்த வாரம் செங்கத்துல போட்டி. புள்ளைங்களுக்குக் கோச் வேணும்ல?"

"எழுதிட்டா... இது வெளிய போவாதே மேடம்?"

"டீ நல்லாருக்கு சார்."

பஞ்சாட்சரம் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டரை வாங்கிய பாஞ்சாலி அதைப் படிக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தவள் சட்டென்று கத்தினாள். "ஏய் நதியா! எறக்கத்துல ஓடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது!"

*

ஜீப் நகர்ந்தது.

"டிங்!"

கவருக்குள் எல்வினின் செல்போன் விழித்துக்கொண்டது. பூட்டிய திரைமேல் ஒரு செய்தி. சிங்காரம் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வாழ்த்துக்கள் எல்வின்! விளையாட்டு ஊட்டச்சத்து தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பல்கலைக்கழகத்தில் முதலிடம்! தங்கள் 'ஃப்ரெஷ் வரகு' பானம், அடுத்த ஆண்டுப் பாடத்தில் சேர்க்கப்படுகிறது!"

ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"மேடம்... மார்க் போட்டவரு கோழிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

தேவயானி சிரிக்கவில்லை. எத்தனை மைதானம்? எத்தனை டம்ளர்?

"பாஞ்சாலி போன் பதிவையெல்லாம் காப்பி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் மேடம். ஆனா தாளாளருக்கு வெளிய போவாதுன்னு நீங்க..."

"நான் இன்னா சொன்னேன்? டீ நல்லாருக்குன்னு சொன்னேன்."

அவள் செல்போன் அலறியது! தெரியாத நம்பர். தேன் குரல்.

"குட் மார்னிங் தேவயானி மேடம்! செவன் ஸ்கைஸ்ல இருந்து பேசறேன். உங்க குற்றவியல் எம்.ஏ. விண்ணப்பம் பாதியில நிக்குது..."

"மீதிய நேர்லயே நிரப்புறேம்மா. ஆபீஸ் எங்க கீது? எங்க மலைமேல இருக்குற காவலூர் டெலஸ்கோப்புல தேடினாலும் கிடைக்காது போல கீதே!"

"ஐயோ, சென்னைலதான் மேடம்! லொகேஷன் அனுப்பிட்டேன். எப்ப வர்றீங்க?"

"இன்னைக்கே!"

"சூப்பர் மேடம்! வந்ததும் அட்மிஷன் போட்டுடலாமா?"

தேவயானி தொப்பியைச் சரிசெய்தாள்.

"நீ அட்மிஷன் போடும்மா... நான் எஃப்.ஐ.ஆர். போடறேன்!"