கார் இங்கே, ரிமோட் அங்கே

ஒரு காரை இரண்டு பேருக்குப் பங்கு போட முடியுமா? ஸம்ஸியாவும் றாபியாவும் போட்டார்கள்.

புத்தளத்து அகதி முகாமில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஸம்ஸியாவின் சாச்சா கட்டாரிலிருந்து அனுப்பிய சிவப்புக் கார் அது. ரிமோட்டில் கை வைத்தால் போதும், கிணற்றடிச் சீமெந்துத் தரையில் பறக்கும். அடேயப்பா, என்ன ஓட்டம்! தண்ணீர் அள்ள வந்த உம்மாமார் வாளியோடு துள்ளி விலகுவார்கள். ஏச்சும் விழும், கூடவே சிரிப்பும் வரும்.

பிறகு யுத்தம் முடிந்தது. இருபது வருசத்துக்கு முன் விட்டுவந்த மறிச்சுக்கட்டிக்கே திரும்பிப் போகலாம் என்றார்கள். வாப்பா மர்சூக் அன்றே பெட்டி கட்டத் தொடங்கினார். ஸம்ஸியா அழுதாள். அவள் பிறந்ததே புத்தளத்தில்தானே!

புறப்படும்போது தோழிகள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கார் ஸம்ஸியாவிடம். ரிமோட்டும் பற்றரியும் றாபியாவிடம்.

"நான் இல்லாம நீ ஓட்டேலாது. நீ இல்லாம நானும் ஓட்டேலாது. சரியாடி?"

"சரிடி."

அதன்பிறகு பத்து மாதம் அந்தக் கார் ஓர் அங்குலம் நகரவில்லை.

மறிச்சுக்கட்டியில் இன்னும் கறண்ட் வரவில்லை. தகரக் கொட்டிலில்தான் குடியிருந்தார்கள். பக்கத்தில் வாப்பாவின் பழைய வீடு நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை. அரைச் சுவரும் சீமெந்துத் தரையும் மட்டும் மிச்சம். வாப்பா தினமும் அதற்குள் போய் நிற்பார். "இதுதான் என்ர அறை. இந்த மூலையிலதான் கட்டில்" என்பார். சருகைக் கூட்டச் சொல்லித் தும்புத்தடியை நீட்டினால், ஸம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அவளுடைய ஞாபகமெல்லாம் புத்தளத்துக் கிணற்றடியில் அல்லவா கிடந்தது!

ஒரு சனிக்கிழமை றாபியா தன் வாப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுடைய பையை மூடும் சிப்பில் ஒரு சின்னச் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர் வால்களோடு ஆடிக்கொண்டிருந்தது.

"நாலு மணி பஸ்ஸுக்குப் போகோணும்டி. கெதியாக் காரை எடு! பழைய பற்றரி வீங்கிப்போச்சு. இது புதுசு, நேற்றே சார்ஜ் போட்டுட்டன்."

காரை எடுத்தார்கள், பற்றரியை எடுத்தார்கள். பொருந்தவில்லை! காரின் பிளக் வெள்ளை, அகலம். பற்றரியின் பிளக் சிவப்பு, ஒடுக்கம்.

"ராத்தா, பசை போட்டு ஒட்டுவமா?" என்றான் ஸம்ஸியாவின் தம்பி ஹில்மி. அவனுக்கு ஆறு வயது. எதற்கும் பசைதான் மருந்து.

றாபியாவின் கண் கலங்கியது. "பற்றரியில இருக்கிற பிளக்கை வெட்டி எறி. வயரை அப்படியே முறுக்குவம்."

"வெட்டினா வீட்டை போய் எப்படிச் சார்ஜ் போடுவாய்? உன்ர சார்ஜருக்கு அந்தப் பிளக்தானே வேணும்?" என்றாள் ஸம்ஸியா. "வெட்டுறதெண்டா என்ர காரில வெட்டுவம். ஆனா இந்தச் சிவப்புப் பிளக்குக்குச் சோடி வேணுமே..."

அவளுடைய பார்வை பையின் சிப்பில் போய் நின்றது.

"இது எங்கால?"

"இதா? பற்றரிப் பெட்டிக்குள்ள கிடந்தது. வடிவா இருக்கெண்டு கொளுவினன்."

ஸம்ஸியா அதைப் பற்றரியின் பிளக்கில் வைத்து அழுத்தினாள். 'டிக்!' கச்சிதமாகப் பொருந்தியது.

"மண்டு! சோடியைக் கொண்டுவந்து பையில தொங்கவிட்டிருக்கிறாய்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, வாப்பாவின் கத்தியால் காரின் வெள்ளைப் பிளக்கை வெட்டினாள். உள்ளே இரண்டும் கறுப்பு வயர். வீட்டில் லொறிப் பற்றரியில் பல்பு கொளுவுவது ஸம்ஸியாவின் வேலை. எந்த வயரை எந்தப் பக்கம் கொளுவினாலும் பல்பு எரியும். அந்தப் பழக்கத்தில் சிவப்புத் துண்டின் வால்களோடு கைக்கு வந்தபடி முறுக்கிவிட்டாள். பற்றரியைச் செருகப் போனவளின் கை, பாதியில் நின்றது.

போன கிழமை வாப்பா றேடியோவுக்குப் பற்றரியைத் தலைகீழாகப் போட்டார். எவ்வளவு தட்டியும் அது வாயே திறக்கவில்லை.

"பல்புக்கு எப்படியும் சரி. றேடியோவுக்குச் சரிவரேல்ல. கார் என்ன மாதிரியோ?"

"பஸ் வரப்போகுதுடி!"

"வரட்டும். எரிஞ்சு போச்செண்டா ஒருநாளும் ஓடாது."

முறுக்கியதைப் பிரித்தாள். காரின் அடியைக் கழற்றினாள். உள்ளே பச்சைத் தட்டில், ஒரு வயரின் காலடியில் சின்னதாய் ஒரு கூட்டல் குறி. விரலால் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே நுனிவரை வந்தாள். ஐயோ! லொறிப் பற்றரியிலும் சிவப்புப் பக்கம்தானே கூட்டல்; முதலில் மாறித்தான் முறுக்கியிருக்கிறாள்.

கூட்டல் குறி வயரைச் சிவப்போடும் மற்றதைக் கறுப்போடும் சேர்த்தாள். ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியே டேப் சுற்றினாள். பிறகு பிஸ்மி சொல்லிப் பற்றரியைச் செருகினாள். றாபியா ரிமோட்டை அழுத்தினாள்.

'விர்ர்ர்!' ஓடியது! ஓடி, வாசல் மணலில் புதைந்தது.

"மணலில ஓடாது. தரை வேணும்" என்றான் ஹில்மி.

ஸம்ஸியா காரைத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்குள் ஓடினாள்.

கூரையில்லாத வீட்டில் கார் அறைக்கு அறை பறந்தது. கதவில்லாத வாசலால் நுழைந்து அடுத்த வாசலால் வந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்த உம்மா துள்ளி விலகினார். "ஆ, தொடங்கிட்டுதுகள்!" என்று ஏசினார். அச்சொட்டாய்க் கிணற்றடி ஏச்சு. ஸம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்தது.

நாலு மணிக்கு ரிமோட்டும் பற்றரியும் றாபியாவோடு பஸ் ஏறின. வெட்டிய வெள்ளைப் பிளக் அவளுடைய சிப்பில் ஆடியது.

"பெருநாள் லீவுக்கும் வருவாயாடி?"

"ஓம்! அந்த வீட்டுக்குள்ள சருகைக் கூட்டடி. கார்ச் சில்லில சிக்குது."

மறுநாள் காலை வாப்பா தும்புத்தடியைத் தேடினார். அது மூலையில் இல்லை. பழைய வீட்டுக்குள்ளிருந்து 'சரக், சரக்' என்று கூட்டும் சத்தம் வந்தது.