மடித்துச் சொருகிய வேர்கள்

மத்தியானம் கட்டைவிரலால் அழுத்திச் சமன் செய்திருந்த தொட்டிப் பாசி, சாயங்காலம் மறுபடியும் மேடு தட்டியிருந்தது.

தண்ணீரில் உப்பியிருக்கும் என்று தங்கை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முன்னறை முழுக்க ஆர்க்கிட் செடிகள், ஈரமான மரப்பட்டையும் கரியும் கலந்த வாடை, நடுவில் அகலமான வெள்ளைப் பீங்கான் தொட்டி. செடிகளைத் தொட்டியில் அழகாக அமைத்து விற்பது அக்காவின் தொழில். அக்கா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து, தையல் மெஷினைத் தவிர வேறெதையும் தொட்டறியாத தங்கைதான் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் அக்காவை விட்டால் நாதி இல்லை.

உள்ளறைக் கட்டிலில் இருந்தபடியே அக்கா வேலை சொல்லிக்கொடுத்தாள். மண் கூடாது, பட்டைத் துண்டுதான் போட வேண்டும் என்றாள். ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

"வெளிய தொங்குற வேரை உள்ள திணிச்சுடாதடி. அது மூச்சு விடுற வேர்."

தங்கை தலையை ஆட்டிவைத்தாள். ஆனால் அந்த வேர்கள் அவள் கண்ணை உறுத்தின. துணியில் பிசிர் தெரிந்தால் உள்ளே மடித்துத் தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வேராக மடித்துச் சொருகி, மேலே ஈரப்பாசியை வைத்து, மெஷின் ஊசி ஏறிய தழும்புள்ள கட்டைவிரலால் இறுக அடைத்தாள். தொட்டி லட்சணமாகத்தான் இருந்தது. அக்காவிடம் அவள் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் உள்ளறையில் அக்காவுக்கு அந்த மூச்சு இழுப்பு ஆரம்பித்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரை கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார். கொடுத்தாள். அடங்கவில்லை.

இப்போது ஜன்னல் வெளிச்சம் மங்கி, பூக்களின் நிழல் சுவரில் நீண்டு, வீட்டில் அந்த இழுப்புச் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க, தங்கை தொட்டியையே பார்த்தபடி நின்றாள்.

பாசி மெல்ல எழும்பியது.

மெல்லத் தாழ்ந்தது.

மறுபடி எழும்பியது.

உள்ளே பூச்சியா? எலியா? கை முந்திக்கொண்டது. கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள். அடியில் ஏதோ திமிறியது. வெதுவெதுப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை எல்லாம் விரலில் இறக்கினாள்.

திமிறல் நின்றது.

உள்ளறையில் இழுப்பும் நின்றது.

அப்பாடா, மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

விளக்கைப் போட்டாள்.

அக்கா கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் மடிந்திருந்தன. திறந்த வாய் நிறைய ஈரப்பாசி, ஒரு பிசிர் கூட வெளியே தெரியாமல் அடைபட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் குழி. குழிக்குள் ஊசித் தழும்பின் அச்சு.