நன்மரணச் சபையின் படம்

படத்தில் பத்துப் பேர்தான் நின்றார்கள். நேற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

மரியமலர் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். அவள் துப்புரவு வேலை செய்யும் பழைய படக்கடையின் முதலாளி ழான்-லூக், ஈரம் பட்டுப்போனதென்று சும்மா கொடுத்த அச்சுப்படம் அது. முந்நூற்றைம்பது வருடப் பழசு. கட்டிலில் ஒரு நோயாளி, சுற்றிலும் மெழுகுதிரியோடு ஆட்கள், மேலே சிறகு விரித்த சம்மனசுகள், அடியில் பெயர் எழுத ஒரு வெற்றுக்கோடு. சுகம் வேண்டிக் கோயில் பூசைக்குப் பெயர் கொடுத்தே பழகிய கை சும்மா இருக்குமா? நெஞ்சு ஒப்பரேசன் முடிந்து வீட்டில் படுத்திருக்கும் புருசனின் பெயரை, யோன் என்று, அந்தக் கோட்டில் நீலப் பேனையால் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் மாட்டிவிட்டாள்.

"மலர், ஆரப்பா இஞ்சை மெழுகுதிரி கொளுத்தினது?" யோன் கண் திறக்காமல் கேட்டார்.

"ஒருத்தரும் கொளுத்தேல்லை. நீங்கள் படுங்கோ."

ஆனால் அவளுக்கும் மணந்தது. உருகும் மெழுகும் நனைந்த கம்பளியும் கலந்த மணம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மார்கழியில், கீழே பாரிசின் லா சப்பல் தெருவின் இரைச்சலையும் தாண்டி, அறைக்குள் பலர் அடக்கமாக மூச்சுவிடும் சத்தம். பயந்துபோய் ழான்-லூக்குக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

"பெயர் எழுதினீர்களா?" அவர் பிரெஞ்சில் சிரித்தார். "மதாம், அது நன்மரணச் சபையின் உறுப்பினர் பத்திரம். பாரிசுக்குப் பிழைக்க வந்து தண்ணீர் சுமந்த ஏழைகளின் சபை. சாகும்போது பக்கத்தில் யாருமில்லாதவர்கள். அதனால் உறுப்பினர் சாகிற நேரம் எல்லோரும் திரியோடு வந்து நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். வந்துவிட்டால் உயிர் பிரியும்வரை போகக் கூடாது."

திரும்பிப் படத்தைப் பார்த்தாள். ஆறு பேர். கட்டிலைச் சுற்றித் தரையில் ஈரக் காலடிகள். யோனுக்கு மூச்சு இழுத்தது.

"ஆண்டவரே, அவரை விடுங்கோ!"

பெயரை நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. மூன்று பேர். பேனையை எடுத்தாள். யோன் என்ற பெயரைக் கோடிழுத்து வெட்டினாள். பக்கத்தில் மரியமலர் என்று எழுதினாள்.

யோனின் மூச்சு சீரானது. அவள் அழுதேவிட்டாள். படத்தில் வெறும் கட்டில் மட்டும் இருந்தது.

பிறகுதான் திரும்பினாள்.

பன்னிரண்டு பேர். நீர் சொட்டும் உடுப்பு. முகமெல்லாம், அச்சுப்படத்தில் போலவே, குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே தோல் இல்லை. ஒருவரும் யோனைப் பார்க்கவில்லை. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்துப் போர்வையை ஒருவன் அன்போடு விலக்கிப் பிடித்திருந்தான்.