பேய் ஹோட்டலின் முந்தானை

பேயாக வேலை பார்ப்பவளே பேய்க்குப் பயந்து டன்லப் ஸ்திரீட்டில் பசுபதி வீட்டு மாடிப்படி ஏறி வந்திருந்தாள். கொடுத்த காப்பியைத் தொடாமலே தள்ளி வைத்தாள்.

"பயப்படாமல் சொல்லுங்கோ, அன்னம்மா," என்றார் பசுபதி. ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது மனிதர்களின் சிக்கல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பன், டாக்சி ஓட்டும் தங்கராஜு, நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் மருதப்பன் கட்டியிருந்த வண்டிச் சவாரிக்குப் 'பேய் ஹோட்டல்' என்று பெயர். அதில் அன்னம்மாதான் பேய். நேற்று மாலை வண்டி ஏழாம் அறையின் முன் நின்றபோது, ரத்தினம்மா என்ற பெண்ணின் தாலிச் சங்கிலியைப் பேய் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"நான் நிக்கிற பள்ளத்தை விட்டு வெளிய வரவே இல்லைய்யா. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள சங்கிலி வரலைன்னா போலீசுங்கிறாரு முதலாளி. என் புள்ளைங்க என்ன ஆவாங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணும் இருக்கு. அந்த நேரத்துல சுவத்துக்கு அந்தப் பக்கம் சேலை உரசுற சத்தம் கேட்டுச்சு. உள்ள என்னைத் தவிர வேற பேய் கிடையாதே?"

எதற்கும் சிரிக்கும் தங்கராஜு இதற்குச் சிரிக்கவில்லை.

பூங்கா அலுவலகத்தில் ரத்தினம்மா, கழுத்தில் அவசரமாகக் கட்டிய மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர் துரைசாமி.

"முந்தானை வலது தோள்ல! மனுஷி எவளாவது அப்படிக் கட்டுவாளா? அது நெசப் பேய்தான்!" என்றாள் அவள்.

"இடது தோள்லதான்," என்றார் துரைசாமி. "இவ பயத்துல கண்ணை மூடிட்டா."

"யார் மூடுனா? அறையைப் பாக்கப் பயந்து இந்தப் பக்கம் திரும்பினேன். என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு!"

"மனைவி கத்தினபோது நீங்கள் பார்த்த பேய் எங்கே நின்றது?" என்று பசுபதி அவரைக் கேட்டார்.

"அறைக்குள்ளதான். அது அங்க நிக்குது, இவ இங்க கத்துறா."

மருதப்பன் பொறுமை இழந்தார். "இங்க வேலை பாக்குறவங்கள்ல வலது தோள்ல போடுறவ அன்னம்மா ஒருத்திதாங்க. நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். முதல்ல எல்லாரையும் போலத்தான் கட்டினா. வந்தவங்க, 'குஜராத்திப் பேய்டா'ன்னு சிரிச்சாங்க."

"சேலை கட்டிவிடுறதும் பவுடர் பூசுறதும் நான்தான்," என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த சந்திரமதி, பவுடர் டின்னை மடியில் வைத்தபடி. "ஆனா அந்த வண்டியில மட்டும் ஏறமாட்டேன்லா. நெஞ்சு அடைச்சுரும்."

பசுபதி எழுந்தார். "நாங்கள் ஏறிப் பார்க்கிறோம். அன்னம்மா, போய் வழக்கம்போல நில்லுங்கோ."

வண்டி இருட்டுக்குள் குலுங்கி நுழைந்தது. ஈரமான சாக்கு வாடை. தாழ்வாரத்துக் கதவுகள் தாமாகத் திறந்து தாமாக மூடின. ஏழாம் அறையின் முன் சக்கரம் நின்றது. உள்ளே கட்டிலும் நாற்காலியும் தவிர எதுவும் இல்லை. பிறகு, கதவு எதுவும் திறக்காமலே, வெள்ளைச் சேலையில் ஒருத்தி நின்றாள். அவள் உடம்பின் வழியே பின்னால் இருந்த கட்டில் தெரிந்தது. தங்கராஜுவின் நகங்கள் பசுபதியின் கையில் பதிந்தன.

"முந்தானை எந்தத் தோளில்?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"இ... இடதுண்ணே."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"இருட்டினபிறகு பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால், தெருவின் நடுவில் உங்கள் முகம் மிதக்கும், இல்லையா? அதேதான் இது. அறைக்குக் குறுக்கே பெரிய கண்ணாடி ஒன்று சாய்ந்து நிற்கிறது. நம் கண்ணுக்கு மறைவான பள்ளத்தில் அன்னம்மா நிற்கிறா. அவமேல் வெளிச்சம் போட்டால், அவவின் பிம்பம் காலி அறைக்குள் நிற்பதுபோலத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் பேய் வரும், போகும். ஆனால் கண்ணாடி இடதை வலதாக்கிவிடும். முதலில் இடது தோளில் போட்டது குஜராத்திப் பெண்கள் கட்டுவதுபோல வலதில் தெரிந்ததால்தான் முதலாளி சேலையை மாற்றிக் கட்டச் சொன்னார். பள்ளத்தில் வலது, பார்ப்பவருக்கு இடது."

"அப்ப நான் சொன்னதுதானே சரி?" என்றார் துரைசாமி.

"இரண்டு பேர் சொன்னதும் சரி. நீங்கள் பார்த்தது கண்ணாடிக்குள் இருந்த பிம்பம். அந்த நேரம் அன்னம்மா பள்ளத்தில் நிற்காவிட்டால் அது தெரிந்திருக்காது. உங்கள் மனைவி வலது தோளில் பார்த்தது பிம்பம் அல்ல, நேரில் நின்ற இன்னொருத்தி."

ரத்தினம்மாவின் கை மஞ்சள் கயிற்றை இறுக்கியது.

"இந்தச் சவாரியில் ஒருதரம் போனவர் பேய் வேஷம் போட்டால், பார்த்தபடி இடது தோளில்தான் போடுவார். வலது தோளில் போட வேண்டுமென்றால், அந்தப் பேயைப் பள்ளத்தில் மட்டுமே பார்த்தவராக இருக்க வேணும். வண்டியில் ஏறியே இராதவர்."

சந்திரமதியின் கை பவுடர் டின்னின் மூடியை அழுத்திப் பிடித்தது. தங்கராஜு அதை வாங்கித் திறந்தான். வெள்ளைப் புகைபோல் பவுடர் எழும்பியது. அதற்குள் சங்கிலி கிடந்தது.

"மாத்துச் சேலை என்கிட்டதானே இருக்கு," என்று முனகினாள் அவள். "பேய் எடுத்ததை யார் வந்து திருப்பிக் கேக்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

"தினமும் பேய்க்கு உடுத்திவிட்டீர், பிள்ளை. அதை ஒருநாளாவது வந்து பார்த்திருக்கலாம்," என்றார் பசுபதி.

ரத்தினம்மா சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருதப்பன் அன்னம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், "வேலைக்குப் போம்மா," என்றார்.

"இனிமே சேலையை நானே கட்டிக்கிறேங்க," என்றாள் அன்னம்மா.

அன்று மாலை தங்கராஜு பசுபதியோடு மறுபடியும் வண்டியில் ஏறினான். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கண்ணாடியின் சூட்சுமத்தை விளக்கிவிட்டுத்தான் ஏறினான். ஏழாம் அறையில் வெள்ளைச் சேலைக்காரி தோன்றினாள். பசுபதியின் பக்கம் திரும்பி, மெதுவாக இரண்டு கைகளையும் கூப்பினாள்.

தங்கராஜு போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது.